"எக்ஸ்பீரியன்ஸ் ஒண்டும் இல்ல, மிஸ்": திருகோணமலையில் ஒரு நேர்முகப் பயிற்சி – நிகழ்வு ஆய்வு

2025 பெப்ரவரியில் நிலாவெளிப் பக்கமுள்ள ஒரு ஹோட்டலின் மேலாளர் தொலைபேசியில் என்னிடம் சொன்னார்: "பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், டீச்சர். ஆனா 14 பேரையும் பார்த்து முடிய, ஒரே ஆளை 14 தடவை பார்த்த மாதிரி இருந்தது."

அந்த 14 பேரும் என் மாணவர்கள். திருகோணமலை நகரில் நாங்கள் நடத்தும் சிறிய பயிற்சி நிலையத்தில், ஹோட்டல் வரவேற்பு மேசை வேலையும் அடிப்படைக் கணக்கும் சேர்ந்த ஆறு மாதப் பாடநெறியை முடித்தவர்கள். கிழக்குக் கரையில் சுற்றுலாப் பருவம் ஏப்ரல், மே அளவில் தொடங்கி செப்டெம்பர் வரை நீளும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து கடல் அடங்கியிருக்கும் காலம் அது. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்கள் பெப்ரவரி, மார்ச்சிலேயே ஆள் தேடத் தொடங்கிவிடும். அந்த ஹோட்டல் எங்கள் வகுப்பு முழுவதையும் ஒரே நாளில் கூப்பிட்டது. எடுத்தது இரண்டு பேரை.

மேலாளர் சொன்னதன் காரணம் எனக்கு உடனே விளங்கியது. வகுப்பு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது நான் ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்திருந்தேன். நேர்முகத்தில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும், அவற்றுக்கு ஆங்கிலத்தில் பதில்களும் அதில் இருந்தன. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு, 'ஐ ஆம் எ ஹார்ட் வேர்க்கிங் பேர்சன்' என்று தொடங்கும் ஐந்து வரி. பிள்ளைகள் இரவிரவாக அதைப் பாடமாக்கினார்கள். ஒருவர்கூட ஒரு சொல்லை மாற்றவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளைகள் அவர்கள். பிழை தாளில் இருந்தது. தாளை எழுதியவள் நான்.

அந்த பெப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் நாங்கள் எதை மாற்றினோம், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை எழுதி வைக்க விரும்புகிறேன். இதே வேலையைச் செய்யும் ஆசிரியர்கள் கிழக்கில் பலர் இருக்கிறார்கள். மாணவர்களைப் பெயர் சொல்லாமல் ஊரால் குறிப்பிடுகிறேன்.

கோப்பு தயார், வாய் தயாரில்லை

முதலில், பிள்ளைகள் எப்படித் தயாராகிப் போனார்கள் என்று பார்க்க வேண்டும். 14 பேரின் கையிலும் ஒரு கோப்பு இருந்தது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, பாடசாலை விடுகைப் பத்திரம், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், கிராம அலுவலரின் நற்சான்று, விளையாட்டுப் போட்டிச் சான்றிதழ் எல்லாம் ஒழுங்காகப் பிளாஸ்டிக் உறைக்குள். பல வீடுகளில் அதை அடுக்கியது அம்மாதான்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. திருகோணமலை கிழக்கு மாகாண நிர்வாகத்தின் தலைநகரம். கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகம், மாகாண சபைத் திணைக்களங்கள், வலயக் கல்வி அலுவலகம் என்று எந்தத் தெருவிலும் ஓர் அரச ஊழியர் இருப்பார். அவர்கள் வழியாக வீடுகளுக்குத் தெரிந்த நேர்முகம், அரச வேலைக்கான நேர்முகப் பரீட்சை. போட்டிப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்த பிறகு நடக்கும் பொது நேர்முகப் பரீட்சையில் பெரும்பாலும் சான்றிதழ்களைச் சரிபார்ப்பார்கள். அதற்குப் புள்ளி இல்லை. அங்கே கோப்பு இருந்தால் போதும், வாய்க்கு வேலை குறைவு. தனியார் துறையில் இது தலைகீழ். "மிஸ், அவர் என்ட ஃபைலைத் திறக்கவே இல்ல" என்று ஒரு பிள்ளை அழாக்குறையாகச் சொன்னாள். அவளுடைய அம்மா மூன்று நாள் அலைந்து சேர்த்த கோப்பு அது.

மேலாளர் தம் குறிப்பிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டினார். எல்லாரிடமும் அவர் கேட்ட முக்கியமான கேள்விகள் மூன்று. கோபமாக இருந்த ஒருவரை நீங்கள் சமாளித்த ஒரு சந்தர்ப்பம் சொல்லுங்கள். ஒரு விருந்தினர் திருகோணமலையில் ஒரே ஒரு நாள்தான் தங்குகிறார், அவரை எங்கே அனுப்புவீர்கள்? இரவு ஷிப்ட் செய்வீர்களா? என் தாளில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் மூன்றுக்கும் மௌனமாக இருந்திருக்கிறார்கள், அல்லது பாடமாக்கியதில் கிட்டிய ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு அதிகம் வலித்தது. கோணேசர் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வளர்ந்த பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். கோட்டைக்குள் மான்கள் திரியும் நேரம், கோயிலுக்குப் போகிறவர் தோளையும் காலையும் மூடிப் போக வேண்டும் என்பது, கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு இருப்பது, புறாத்தீவுக்கு நிலாவெளியிலிருந்து படகில் போகலாம் என்பது, வெயில் ஏறுமுன் போனால் பவளப்பாறையைத் தெளிவாகப் பார்க்கலாம் என்பது எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் அது பாடம் இல்லையே, ஊர் விஷயம்தானே என்று நினைத்திருக்கிறார்கள்.

சி.ஆர். கொப்பி

அடுத்த சனிக்கிழமை எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, உள்ளே என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். கிண்ணியாப் பிள்ளையின் முறை வந்தது.

"முன் அனுபவம் இருக்கா என்று கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எக்ஸ்பீரியன்ஸ் ஒண்டும் இல்ல எண்டு சொன்னன், மிஸ்."

அவளுடைய வாப்பாவுக்கு மீன்பிடிப் படகு ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். வீட்டில் அந்தத் தொழிலுக்கு யார் கணக்கு வைப்பது என்று சும்மா கேட்டேன். "நான்தான்" என்றாள். எவ்வளவு காலமாக? ஒன்பதாம் வகுப்பிலிருந்து.

அடுத்த நாள் அவள் கொண்டுவந்த, தடித்த அட்டை போட்ட சி.ஆர். கொப்பிகளை நான் இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொரு கடற்பயணத்துக்கும் ஒரு பக்கம். எண்ணெய், ஐஸ், தீன், படகில் போனவர்கள் முன்கூட்டி வாங்கிய காசு, கரையில் விற்ற மீன், நிறை, விலை. செலவைக் கழித்து மிஞ்சுவதில் படகுக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. ஒரு தடவை, வாங்கிய முற்பணம் பற்றி ஒருவர் வாப்பாவோடு சண்டைக்கு வந்திருக்கிறார். கொப்பியில் திகதியும் தொகையும் இருந்தன, ஆனால் அவருடைய கையெழுத்து இல்லை. அந்தச் சண்டைக்குப் பிறகு, முற்பணம் வாங்குபவர் அந்த வரிக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும் என்று வழக்கத்தைக் கொண்டுவந்தவள் இந்தப் பிள்ளை. அப்போது அவளுக்கு 17 வயது.

இதைவிட நல்ல அனுபவத்தை ஒரு ஹோட்டல் கணக்குப் பிரிவு எங்கே தேடும்? காசோடு பழக்கம், தினமும் எழுதும் ஒழுக்கம், சண்டையின் நடுவில் ஆதாரத்தைக் காட்டும் நிதானம், ஒரு பிழையைப் பார்த்து முறையை மாற்றும் புத்தி எல்லாம் அதில் இருக்கின்றன. அவளோ அதை வீட்டு வேலை என்று நினைத்திருந்தாள். சம்பளம் வாங்காத வேலை எதுவும் வேலைக் கணக்கில் வராது என்பது அவள் எண்ணம். வகுப்பில் எல்லாருக்கும் அந்த எண்ணம்தான்.

அன்று என் தாளைக் கிழித்துப் போட்டோம். ஒவ்வொருவரும் ஒரு கொப்பி வாங்கி வரச் சொன்னேன். முதல் வாரம் முழுக்க ஒரே வேலைதான்: கடந்த சில வருடங்களில் வேறொருவர் உங்களை நம்பியிருந்த வேலைகள் எவை என்று எழுதுங்கள். சம்பளம் கிடைத்ததா இல்லையா என்பது வேண்டாம். நீங்கள் அன்று போகாமல் விட்டிருந்தால் யாருக்குச் சிரமம் வந்திருக்கும் என்று யோசியுங்கள்.

வந்தவற்றைப் பார்த்து நான் பேச்சற்றுப் போனேன். தம்பலகாமத்துப் பையன் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளையும் நான்கு வயல்களுக்கு வெட்டு மெஷின் முறை பிரித்துக் கொடுத்தவன். மழை இருட்டிக்கொண்டு வந்த நாளில், தன் வயல்தான் முதலில் வெட்டப்பட வேண்டும் என்று கத்திய பக்கத்து வயல்காரரை வரம்பில் உட்கார வைத்து, எந்த வயலில் நெல் அதிகம் சாய்ந்திருக்கிறது என்று இருவருமாகப் போய்ப் பார்த்து, வரிசையை மாற்றியிருக்கிறான். 'கோபமாக இருந்த ஒருவரைச் சமாளித்த சந்தர்ப்பம்' என்று மேலாளர் கேட்டபோது, அவன் 'அப்படி ஒன்றும் நடக்கவில்லை' என்று சொல்லிவிட்டு வந்தவன்.

ஓமும் ஏனும்

கதை கிடைத்துவிட்டால் போதாது. கிண்ணியாப் பிள்ளை முதல் தடவை சொன்னபோது அவளுடைய மூத்தவாப்பா படகு வாங்கிய வருடத்திலிருந்து தொடங்கி ஏழு நிமிடம் ஓடியது. கையெழுத்து விஷயம் கடைசி அரை நிமிடத்தில் வந்தது. நிலைமை என்ன, அதில் உன் பொறுப்பு என்ன, நீ செய்தது என்ன, முடிவில் என்ன ஆனது என்ற நான்கு படி ஒழுங்கை உலகம் முழுக்க நேர்முகப் பயிற்சியில் 'ஸ்டார்' முறை என்று சொல்வார்கள். அதைத்தான் நாங்களும் எடுத்துக்கொண்டோம். முதல் இரண்டுக்கும் இரண்டு வசனம். 'செய்தது' என்ற பகுதிக்குத்தான் நேரம். மொத்தம் ஒன்றரை நிமிடம்.

இதில் எதிர்பாராத ஒரு தடை வந்தது. பிள்ளைகள் எல்லாவற்றையும் பன்மையில் சொன்னார்கள். "எழுதினோம்", "கேட்டோம்", "மாத்தினோம்". யார் எழுதியது என்று கேட்டால், "நான்தான், மிஸ்." பிறகு ஏன் எழுதினோம்? "நான் நான் எண்டு சொன்னா பெருமை பேசிற மாதிரி இருக்கும்."

தமிழில் வினையின் ஈறே ஆளைக் காட்டிவிடும். 'ஓம்' என்று முடித்தால் கூட்டத்துக்குள் மறைந்துவிடலாம், 'ஏன்' என்று முடித்தால் தனியாக நிற்க வேண்டும். எங்கள் வீடுகளில் பிள்ளைகளைத் தனியாக நிற்காதே என்றுதான் வளர்க்கிறோம், அதுவும் பெண் பிள்ளைகளை. இந்தப் பழக்கத்தை நான் பழிக்க மாட்டேன், அதில் ஒரு பண்பு இருக்கிறது. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இந்தப் பிள்ளையை முன்பின் தெரியாது. அவள் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

உயர்தரத்துக்குத் தமிழ் எடுத்தபோது நன்னூலில் படித்தது நினைவுக்கு வந்தது. தன்னைத் தானே புகழ்வது தகுதியல்ல என்று சொல்லும் பவணந்தி முனிவர், அடுத்த சூத்திரத்திலேயே அது தகும் இடங்களையும் சொல்கிறார். அரச மன்றத்துக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில், அவையில் வெல்ல வேண்டிய பொழுதில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. வகுப்பில் இதைச் சொன்னதும் மூதூர்ப் பிள்ளை ஒருத்தி, "அப்ப ஓலை எண்டா சி.வி., ரெண்டாவது இன்டர்வியூ" என்றாள். என் இருபது நிமிட விளக்கத்தை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள். அன்றிலிருந்து யாராவது 'ஓம்' என்று இழுத்தால் மற்றவர்கள் "ஏன்! ஏன்!" என்று கூவித் திருத்தத் தொடங்கினார்கள். வகுப்பில் நான் கொடுத்த எந்தப் பயிற்சியைவிடவும் இது வேகமாக வேலை செய்தது.

ஆனால் ஒரு எல்லை வைத்தோம். செய்ததைச் சொல்லலாம், குணத்தைச் சொல்லக் கூடாது. 'நான் நேர்மையானவள்' என்பதைக் கேட்பவர் நம்பலாம், நம்பாமலும் விடலாம். 'முற்பணத்துக்குக் கையெழுத்து வாங்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன்' என்றால் மிச்சத்தை அவரே விளங்கிக்கொள்வார்.

மூன்று மொழி

தம்பலகாமத்துப் பையன் தன் சுயவிபரக் கோவையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் 'மிக நன்று' என்று போட்டிருந்தான். நேர்முகத்தில் ஒருவர் சட்டென்று சிங்களத்துக்கு மாறினார். பையன் உறைந்துபோனான். உண்மையில் அவனுக்குச் சிங்களம் பேச வரும். கந்தளாய்ச் சந்தையில் அவன் பேரம் பேசுவது அந்த மொழியில்தான். ஆனால் 'மிக நன்று' என்று எழுதியது நினைவுக்கு வந்ததும், ஒரு பிழைகூட விடக் கூடாது என்ற பயத்தில் வாய் கட்டிப்போனது.

அதனால் எல்லாருடைய சுயவிபரக் கோவையிலும் அந்தப் பெட்டியை மாற்றினோம். பேசுவேன், வாசிக்க நேரம் எடுக்கும், எழுத வராது என்று ஒவ்வொரு மொழிக்கும் உள்ளபடி. பேச்சிலும் அப்படியே. "டிகக் புளுவன்" (கொஞ்சம் முடியும்) என்று சிரித்துக்கொண்டு தொடங்கினால் எதிரில் இருப்பவர் மெதுவாகப் பேசுவார். ஆங்கிலத்துக்கு, கதையை முதலில் தமிழில் முழுதாகச் சொல்லிப் பழகிவிட்டு, பிறகு சின்னச் சின்ன வசனமாக ஆங்கிலத்தில் சொல்ல வைத்தோம். எழுதிப் பாடமாக்கத் தடை. ஒவ்வொரு தடவையும் வசனம் கொஞ்சம் மாறத்தான் வேண்டும். கேள்வி விளங்காவிட்டால் திருப்பிக் கேட்பதற்கான ஒரேயொரு வசனத்தை மட்டும் நன்றாகப் பழக்கினேன்: 'குட் யூ ரிபீட் தட், ப்ளீஸ்?' விளங்காத கேள்விக்கு 'யெஸ்' என்று தலையாட்டிவிட்டு வந்தவர்கள் பெப்ரவரியில் பலர்.

முன்பின் தெரியாதவர்கள்

வகுப்புக்குள் என் முன்னால் பேசுவது ஒன்று, தெரியாத ஒருவர் முன்னால் பேசுவது வேறு. இது தெரிந்ததும் மூன்று பேரைக் கெஞ்சிக் கூப்பிட்டேன். ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர், நகரில் கடை வைத்திருக்கும் ஒரு பெண், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர். மூவருக்கும் பிள்ளைகளைத் தெரியாது. வாரம் ஒரு தடவை, மேசை போட்டு, வெளியே கதிரை போட்டுக் காக்க வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு நடத்தினோம்.

எல்லாரிடமும் ஒரே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே தீர்மானித்த புள்ளி. இந்த முறையை நான் கண்டுபிடிக்கவில்லை. 1998இல் ஷ்மிட், ஹன்டர் என்ற ஆய்வாளர்கள் வேலைக்கு ஆள் தெரிவது பற்றிய 85 வருட ஆய்வுகளைத் தொகுத்தபோதும், 2022இல் சக்கெட்டும் சக ஆய்வாளர்களும் அந்தக் கணக்குகளை மறுபடி சரிபார்த்தபோதும், சும்மா பேசிப் பார்க்கும் நேர்முகத்தைவிட வேலையோடு சம்பந்தப்பட்ட ஒரே கேள்விகளை எல்லாரிடமும் கேட்டுப் புள்ளியிடும் நேர்முகமே நல்ல ஆளைத் தெரிவதில் மேல் என்று வந்தது. நிறுவனங்கள் அந்தப் பக்கம் போகும்போது பிள்ளைகளையும் அதற்கே பழக்குவது நியாயம்.

முதல் வாரம் கடைக்கார அக்கா சொன்னது: "பிள்ளை நல்லாத்தான் பேசுது. ஆனா மேசையோட பேசுது." பெரியவர் முகத்தைப் பார்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த பிள்ளைகளை, கண்ணுக்குள் பார் என்று விரட்டினால் அது முறைப்பாக மாறிவிடுகிறது. பதிலின் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், நடுவில் எங்கே பார்த்தாலும் பரவாயில்லை என்று சொன்னோம். அது எல்லாருக்கும் முடிந்தது.

கைப்பேசியில் வீடியோ எடுத்துப் பார்ப்பது பெரிய உதவி. ஆனால் பெண் பிள்ளைகள் தயங்கினார்கள், அதற்குக் காரணமும் உண்டு. அவரவர் கைப்பேசியில் அவரவர் தோழி எடுக்கலாம், பார்த்ததும் அழித்துவிடலாம், என்னிடம் காட்டவும் தேவையில்லை என்று வைத்தோம். பிறகு தயக்கம் இருக்கவில்லை.

இரண்டு வசனம்

சம்பூர்ப் பையனைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். அவனே எழுதுங்கள் என்றான்.

2006இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தபோது அவனுக்கு நான்கு வயது. கிளிவெட்டி முகாமில் வளர்ந்தவன். காணிகள் விடப்பட்டு ஊர் திரும்பியபோது 13 வயது. பாடசாலைகள் மாறி மாறி, சாதாரண தரத்தை இரண்டு தடவை எழுதினான். பெப்ரவரி நேர்முகத்தில் ஒருவர் பெறுபேற்றுத் தாளைப் பார்த்து, "ஏன் இரண்டு தடவை?" என்று கேட்டிருக்கிறார். கேட்டவர் கெட்ட நோக்கத்தில் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. பையன் தொடங்கிய கதை நிற்கவில்லை. முகாம், தறப்பாள், மழை, அம்மாவின் வருத்தம். சொல்லச் சொல்ல அவன் குரல் உடைந்தது. எதிரில் இருந்தவர்கள் இரக்கப்பட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். வேலை கொடுக்கவில்லை.

"எனக்கு அவங்கட பாவம் வேணாம், மிஸ்" என்று என்னிடம் சொன்னான்.

இந்தக் கேள்வியோடு மட்டும் நாங்கள் இரண்டு மாலை உட்கார்ந்தோம். மறைக்கலாமா? மறைக்க என்ன இருக்கிறது என்றான். முழுதும் சொல்லலாமா? அது ஒரு நேர்முக அறையில் சொல்லி முடிக்கிற கதையா? எவ்வளவு சொல்வது என்பதை முடிவுசெய்யும் உரிமை அவனுடையது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். என் பங்கு, அவன் சொல்வதைத் திரும்பத் திரும்பக் கேட்பது மட்டும்தான். கடைசியில் அவன் எழுதிய இரண்டு வசனம் இது: "சின்ன வயதில் எங்கள் குடும்பம் இடம்பெயர்ந்திருந்தது, அதனால் பாடசாலை பல தடவை மாறியது. இரண்டாவது தடவை கணிதத்தில் சி எடுத்தேன், உயர்தரம் படிக்கும் காலத்தில் விடுமுறை நாட்களில் மேசனுக்குக் கையாளாகப் போய், சீமெந்து, மணல், கல் எவ்வளவு வரும் என்று கணக்கெடுக்கப் பழகினேன்."

அதன் பிறகு அவர்கள் எதைக் கேட்பார்கள்? சீமெந்தைப் பற்றித்தான் கேட்பார்கள். மூன்று அந்நியர்களும் தனித்தனியே அதைத்தான் கேட்டார்கள். அவன் குரல் உடையவில்லை.

வீட்டில் முடிய வேண்டிய கேள்வி

"இரவு ஷிப்ட் செய்வீர்களா?" என்ற கேள்விக்குப் பெப்ரவரியில் பெண் பிள்ளைகள் மௌனமாக இருந்தார்கள். மேலாளர் அதை 'மாட்டேன்' என்று எடுத்துக்கொண்டார். மௌனத்தின் உண்மையான பொருள், 'வீட்டில் கேட்க வேண்டும்' என்பது. இது பயிற்சியால் தீராத கேள்வி. அறைக்குள் போகுமுன் வீட்டில் தீர்ந்திருக்க வேண்டும்.

பெற்றோரைத் தேநீருக்கு அழைத்தோம். வரமாட்டார்கள் என்று நினைத்த வாப்பாமார்தான் முதலில் வந்தார்கள். கிண்ணியா வாப்பாவின் கேள்விகள் நேரடியானவை. இரவு எத்தனை மணிக்கு முடியும், யார் கொண்டுவந்து விடுவது, ஹோட்டலில் வேறு பெண்கள் வேலை செய்கிறார்களா? 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு நகரத்துக்குத் துறை கடந்து வர வேண்டியதில்லை என்றாலும், இரவு பத்து மணிக்கு பஸ் கிடைக்காது. நான் ஹோட்டல்களைக் கேட்டு விபரம் எடுத்துக் கொடுத்தேன். சில இடங்களில் ஊழியர்களைக் கொண்டுபோய் விட வான் இருக்கிறது, சில இடங்களில் தங்குமிடம். முடிவில் அவளுடைய பதில் இப்படி அமைந்தது: "பத்து மணி வரையான ஷிப்ட் செய்வேன், வீட்டு வாசல் வரை ஹோட்டல் வான் வந்தால். முழு இரவு ஷிப்ட் இப்போதைக்கு முடியாது." தெளிவான 'முடியாது' மௌனத்தைவிட எவ்வளவோ மேல் என்று அந்த மேலாளரே பிறகு என்னிடம் சொன்னார்.

சம்பளக் கேள்வியும் வீட்டில் பேச வேண்டியதுதான். 'நீங்கள் தருவதைத் தாருங்கள்' என்பதை எல்லாரும் பணிவு என்று நினைத்திருந்தார்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சேர்விஸ் சார்ஜ் பங்கு உண்டா என்று கேட்கப் பழக்கினோம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதம், தொழில்தருநரிடமிருந்து 12 வீதம், நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநரிடமிருந்து மேலும் 3 வீதம். இதைத் தெரிந்துகொண்டு கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அந்த ஏப்ரலிலிருந்து ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 27,000 ரூபா ஆனதையும் சொல்லிக்கொடுத்தேன், அதற்குக் கீழே யாரும் ஒத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

மே மாதம்

மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை, மீதி 12 பேரும் வெவ்வேறு இடங்களுக்கு நேர்முகத்துக்குப் போனார்கள். எட்டுப் பேருக்கு வேலை கிடைத்தது. இதெல்லாம் பயிற்சியால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். பருவம் நெருங்க நெருங்க ஹோட்டல்கள் எப்படியும் அதிகம் ஆள் எடுக்கும். வகுப்பும் சின்னது. ஆனால் அறைக்குள் என்ன நடந்தது என்று பிள்ளைகள் வந்து சொன்னது மாறியிருந்தது. முன்பு 'என்ன கேட்டாங்க' என்று சொன்னவர்கள், இப்போது 'நான் என்ன சொன்னன்' என்று தொடங்கினார்கள்.

கிண்ணியாப் பிள்ளையை எடுத்தது அதே ஹோட்டல்தான். இரண்டாம் தடவை விண்ணப்பிக்கச் சொன்னபோது மிகவும் வெட்கப்பட்டாள். உள்ளே மேலாளர் அந்தக் கொப்பியைப் பார்க்கலாமா என்று கேட்டாராம். அவள் கொண்டுபோயிருந்தாள். பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு அன்றும் திறக்கப்படவில்லை. மீன் மணக்கும் அந்தக் கொப்பியை அவர் பத்து நிமிடம் புரட்டினார். சம்பூர்ப் பையன் கட்டடப் பொருள் விற்கும் இடம் ஒன்றில் களஞ்சிய உதவியாளராகச் சேர்ந்தான். தம்பலகாமத்துப் பையனுக்கு இரண்டு இடத்திலும் கிடைக்கவில்லை. இரண்டாவது இடத்தில் நன்றாகப் பேசினான், அவனைவிட அனுபவமுள்ள ஒருவர் வந்திருந்தார், அவ்வளவுதான். அப்படியும் நடக்கும் என்று முன்கூட்டியே நான் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாரம் வகுப்புப் பக்கமே வரவில்லை. இப்போது மறுபடி வருகிறான், சிங்களம் எழுதப் பழகுகிறான்.

வெருகல் பிள்ளையின் விஷயம் இன்னும் முடியவில்லை. உப்புவெளியில் ஒரு ஹோட்டல் அவளைத் தெரிவுசெய்தது. வெருகலிலிருந்து தினமும் வந்துபோவது நடக்காத காரியம், அந்த ஹோட்டலில் பெண்களுக்குத் தங்குமிடம் இல்லை. சேரும் திகதியை இரண்டு வாரம் தள்ளித் தரச் சொல்லிக் கேட்டு எழுதியது அவள்தான், நான் இல்லை. ஹோட்டல் ஒத்துக்கொண்டது. கிண்ணியாப் பிள்ளையின் மாமி ஒருவர் நகரில் இருக்கிறார். அவருடைய வீட்டுப் பின்னறையைப் பார்க்க நாளை காலை வெருகல் பிள்ளையும் அவளுடைய அம்மாவும் முதல் பஸ்ஸில் வருகிறார்கள்.